சாவு வீட்டுச் சண்டை எங்கே போனது?

அகிரா குரோசாவாவின் 'இகிரு' (1952) ஒரு வயிற்றின் எக்ஸ்ரேயில் தொடங்குகிறது. இந்த ஆளுக்குப் புற்றுநோய், அது அவருக்கே இன்னும் தெரியாது என்று பின்னணிக் குரல் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறது. ஆளைக் காட்டும் முன்பே வியாதியைக் காட்டுகிற துணிச்சல்! ஆலிவர் ஹெர்மானஸ் இயக்கிய ஆங்கில மறுஆக்கமான 'லிவிங்' (2022) ஐம்பதுகளின் லண்டனை அழகழகான வண்ணத்தில் காட்டித் தொடங்குகிறது. கறுப்பு வெள்ளை வண்ணமானதைவிட, படத்தின் சுபாவமே மாறியதுதான் பெரிய மாற்றம்.

கதை ஒன்றுதான். கோப்புகளுக்குள் புதைந்துபோன ஒரு நகராட்சி அதிகாரி. தேங்கிய சாக்கடையை மூடிப் பூங்கா கேட்டு வரும் பெண்களின் மனு, நம்மூர்த் தாலுகா ஆபீஸில் அலைந்தவர்களுக்குப் பழக்கமான வழியில், ஒவ்வொரு பிரிவாகச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வருகிறது. லண்டனில் சாக்கடைக்குப் பதில் குண்டு விழுந்த மனை. சாகப்போகிறோம் என்று தெரிந்த பிறகுதான் அதிகாரிக்கு அந்த மனு கண்ணில் படுகிறது.

அவருக்கு அது எப்படித் தெரிகிறது? ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது பக்கத்தில் வந்து உட்காரும் ஒரு நோயாளி, கேட்காமலே விளக்குகிறார்: லேசான அல்சர், ஆபரேஷன் தேவையில்லை, எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்னால், கதை முடிந்ததென்று அர்த்தம். உள்ளே போனால் டாக்டர் அதையே சொல்கிறார். அதிகாரியாக நடிக்கும் தகாஷி ஷிமுராவின் கண்கள் மட்டும் நம்பாமல் விரிகின்றன. அபத்தமும் பயமும் ஒன்றாக வரும் காட்சி. 'லிவிங்'கில் டாக்டர் நேரடியாகச் சொல்லிவிடுகிறார். அங்கே அதிகாரியாக வரும் பில் நை ஒற்றைச் சொல்லில் ஆமோதிப்பதோடு சரி.

அந்த ஒற்றைச் சொல் சாதாரணமல்ல. திரைக்கதை எழுதிய கசுவோ இஷிகுரோ நாகசாகியில் பிறந்து, சிறுவயதிலேயே இங்கிலாந்துக்குப் போனவர். மரணச் செய்தியைக்கூட மரியாதை குறையாமல் வாங்கிக்கொள்ளும் அந்த ஊர் மனிதரை உள்ளும் புறமும் அறிந்தவர். நை, இஷிகுரோ இருவரும் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டதில் வியப்பில்லை. மதுக்கடையில் நை பழைய ஸ்காட்லாந்துப் பாட்டைப் பாடும் இடம், மூலத்தோடு ஒப்பிட்டாலும் சோடை போகாது.

ஆனால் சாவு வீடு? குரோசாவா நாயகனைப் படம் முடிய வெகுநேரம் இருக்கும்போதே சாகடித்துவிட்டு, மிச்சப் படத்தின் பெரும்பகுதியை அவருடைய புகைப்படத்துக்கு முன்னால் குடித்துக்கொண்டிருக்கும் சக ஊழியர்களிடம் ஒப்படைக்கிறார். பூங்காவுக்கான பெயரை மேலதிகாரி தட்டிக்கொண்டு போகிறார். அவர் கிளம்பியதும் வாக்குவாதம். போதை ஏற ஏற உண்மை துண்டு துண்டாக வெளியே வருகிறது. இனி நாமும் அவரைப்போல் உழைப்போம் என்று அழுதபடி சபதம். மறுநாள் ஆபீஸில் புதிய மனு வருகிறது. வழக்கம்போல் வேறு பிரிவுக்குத் தள்ளுகிறார்கள். கிமுரா என்ற ஊழியர் மட்டும் ஆவேசமாக எழுகிறார். எல்லோரும் பார்க்க, மெல்ல உட்கார்ந்து காகிதக் குவியலுக்குப் பின்னால் மறைகிறார்.

'லிவிங்' இந்தக் கூச்சலை ஒரு ரயில் பெட்டிக்குள் அடக்கிவிடுகிறது. செத்தவர் எதை உணர்ந்தார் என்பதை, இளம் ஊழியருக்கு அவரே எழுதிவைத்த கடிதம் சொல்லிவிடுகிறது. நல்ல கடிதம்தான். ஆனால் குடிகாரர்கள் முட்டி மோதித் தேடியதை நம் கையில் மடித்துக் கொடுத்தது போலாகிவிட்டது. 'இகிரு' ஓடுவது 143 நிமிடம், 'லிவிங்' 102. அந்த இடைவெளியில் கணிசமான பங்கு சாவு வீட்டுடையது. நேரமில்லாதவர்கள் 'லிவிங்' பார்க்கலாம். ஆனால் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் 'இகிரு'வின் அந்தக் கடைசிப் பகுதியைத் தனியாக இன்னொரு முறை பார்க்க வேண்டும்.