ஆறு பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் வயது

சர்வதேசப் பள்ளியில் பயிலும் பிள்ளைக்கு உயர்கல்வி ஆலோசனை என்றால், எந்த நாட்டுச் சர்வகலாசாலைக்கு விண்ணப்பம் போடுவது, அதனுடன் அனுப்பும் கட்டுரையை எப்படி மெருகேற்றுவது என்று பன்னிரண்டாம் வகுப்பில் நடக்கும் பேச்சுத்தான் என்று பெற்றோரில் பலர் எண்ணியிருக்கிறார்கள். உண்மையில், அந்தப் பேச்சு தொடங்குவதற்கு ஓராண்டுக்கு மேல் முன்னதாகவே, பத்தாம் வகுப்பு முடியும் தறுவாயில், பாடத் தேர்வுக்காகப் பள்ளி கொடுக்கும் படிவத்திலேயே விஷயத்தின் பெரும்பகுதி நிர்ணயமாகிவிடுகிறது. கவுன்சலருடைய முக்கியமான வேலையும் அந்தப் படிவத்தைப் பூர்த்தி செய்யும் நாளிலேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஐ.பி. என்று சுருக்கமாக வழங்கும் இன்டர்நேஷனல் பக்கலாரியேட் அமைப்பு 1968-ல் ஜெனிவாவில் ஸ்தாபிக்கப்பட்டது. உத்தியோக நிமித்தம் நாடு விட்டு நாடு மாறும் ராஜதந்திரிகள் முதலியோரின் பிள்ளைகள், எந்த ஊரில் பள்ளிப் படிப்பை முடித்தாலும் எந்தத் தேசத்துச் சர்வகலாசாலையிலும் பிரவேசிக்க ஒரு பொதுவான பரீட்சை வேண்டும் என்பதே அதன் ஆதி உத்தேசம். அமெரிக்க மிஷனரிகளின் குழந்தைகளுக்காக 1901-ல் கொடைக்கானலில் தொடங்கப்பட்டு, இன்று கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் என்று பெயர் பெற்றிருக்கும் பள்ளி, 1976-ல் இந்தப் பாடத்திட்டத்தை இந்தியாவுக்கு முதலில் கொண்டுவந்தது. இன்றோ சென்னையிலும் கோயம்புத்தூரிலும் சர்வதேசப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் உள்ளூர்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்; வெளிநாட்டுக் கனவு ஒரு புறமும், மாநிலத்தின் மருத்துவக் கல்லூரி மறு புறமுமாக இரண்டையும் கையில் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள். ஊர் ஊராகப் போகிறவர்களுக்கென்று செய்த ஏற்பாட்டை, ஊரிலேயே இருக்கிறவர்கள் உபயோகிக்கும்போது வரும் சிக்கல்களே ஆலோசகரின் மேஜையில் வந்து குவிகின்றன.

ஐ.பி. டிப்ளமாவின் அமைப்பைப் பார்த்தால் அந்தச் சிக்கல் விளங்கும். மொழியும் இலக்கியமும், இரண்டாம் மொழி, சமூக விஞ்ஞானம், இயற்கை விஞ்ஞானம், கணிதம், கலை என்று ஆறு பிரிவுகள். பிரிவுக்கு ஒரு பாடம். கலை வேண்டாதவர்கள் அதற்குப் பதிலாக வேறொரு பிரிவிலிருந்து இன்னொரு பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். சாதாரணமாக மூன்று பாடங்களை ஹையர் லெவலில், அதாவது 240 மணி நேரம் போதிக்கும் ஆழத்தில், படிக்க வேண்டும்; மற்ற மூன்றும் 150 மணி நேர ஸ்டாண்டர்ட் லெவல். பாடத்துக்கு 7 புள்ளி வீதம் 42. நாலாயிரம் சொல்லுக்கு மிகாத ஆராய்ச்சிக் கட்டுரைக்கும் அறிவின் தன்மையை விசாரிக்கும் வகுப்புக்குமாக 3. ஆக மொத்தம் 45.

இந்தக் கணக்கில் ஒரு சங்கடம் ஒளிந்திருக்கிறது. "என் பொண்ணு டாக்டருக்குத்தான் படிக்கணும்னு சொல்றா மேடம்" என்று ஒரு தாயார் வந்து உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல கவுன்சலர் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்பதற்கு முன், "எந்த நாட்டுலம்மா?" என்று கேட்பார். பிரிட்டனில் என்றால் வேதியியலும் உயிரியலும் ஹையர் லெவலில் இருந்தால் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளுக்குப் போதும். இந்தியாவிலோ, நீட் எழுதி எம்.பி.பி.எஸ். சேர்வதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றையும் ஆங்கிலத்தோடு படித்திருக்க வேண்டும். ஆறாவது இடத்தையும் விஞ்ஞானத்துக்கே கொடுத்தாலும், வழக்கமான டிப்ளமாவில் இரண்டுக்கு மேல் இடமில்லை. ஒரு நாட்டின் பிரவேச விதி அப்படிக் கோருகிறது என்று பள்ளி முன்கூட்டியே எடுத்துக்காட்டினால், மூன்று விஞ்ஞானப் பாடங்களோடு ‘நான்-ரெகுலர் டிப்ளமா’ எழுத ஐ.பி. அமைப்பு இசைவதுண்டு. ஆனால் அந்த அனுமதியைப் பாடங்கள் தொடங்கும் கட்டத்திலேயே கேட்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் ஞானோதயம் பிறந்து பிரயோஜனமில்லை. விட்டுப்போன பாடத்தைப் பின்னர் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களுக்கும் தேசிய மருத்துவ ஆணையம் 2023-ல் வழி திறந்தது மெய்தான். எனினும் அது சுற்றுவழி. மூன்று பாடங்களுக்கும் தனித்தனியே ஏ-லெவல் பரீட்சை எடுத்துக்கொள்ளக்கூடிய, ஐ.பி.க்கு மாற்றாகச் சில சர்வதேசப் பள்ளிகளில் உள்ள கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம், இந்திய மருத்துவப் படிப்பை உறுதியாக நாடுகிறவர்களுக்கு இவ்விஷயத்தில் சிரமம் குறைந்தது.

பாடங்கள் பொருந்திவிட்டாலும் பஞ்சாங்கம் பொருந்துவதில்லை. சமீப ஆண்டுகளில் நீட் பரீட்சை மே மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமையில் நடந்துவருகிறது, ஐ.பி. பரீட்சைகளோ ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே மூன்றாம் வாரம் வரை நீள்கின்றன. ஒரு வாரத்தில் பக்கம் பக்கமாக விளக்கி எழுதிய பிள்ளை, அதற்கு நடுவே ஒரு ஞாயிறன்று, தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் பறிக்கும் 180 கொள்குறி வினாக்களுக்கு விடை குறிக்க வேண்டியிருக்கிறது. இதை முன்கூட்டிச் சொல்லாத ஆலோசனையை ஆலோசனை என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

கணிதத்தின் கதையும் இத்தகையதே. 2019 முதல் ஐ.பி.யில் கணிதம் இரண்டு வகை; பகுப்பாய்வை வலியுறுத்துவதை ஏ.ஏ. என்றும், நடைமுறைப் பயன்பாட்டை வலியுறுத்துவதை ஏ.ஐ. என்றும் மாணவர்கள் சொல்வார்கள். புள்ளி எளிதாக வருமென்று ஸ்டாண்டர்ட் லெவல் ஏ.ஐ.யை எடுத்துவிட்டு, பிறகு பொறியியல் வேண்டுமென்று வருகிறவர்களுக்கு, லண்டன் இம்பீரியல் கல்லூரியைப் போன்ற இடங்களில் வாசல் அடைபட்டிருக்கும். அங்கே பொறியியலுக்குக் கணிதம் ஹையர் லெவலில் வேண்டும். ஜெர்மனியும் கணிதமோ இயற்கை விஞ்ஞானமோ ஒன்றாவது ஹையர் லெவலில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறது. அமெரிக்கா தாராளமானது, எதைப் படிப்பது என்பதைச் சேர்ந்த பிறகு தீர்மானித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தாராளத்துக்கு ஆகும் செலவு யாவரும் அறிந்ததே.

விண்ணப்ப காலத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். பிரிட்டனுக்கு ஒரே படிவத்தில் ஐந்து இடங்கள் வரை கேட்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவம் ஆகியவற்றுக்குக் கெடு அக்டோபர் மத்தி. அப்போது இறுதிப் புள்ளிகள் இராது; ஆசிரியர்கள் உத்தேசித்துத் தரும் ‘ப்ரெடிக்டட் கிரேட்’ என்ற மதிப்பீட்டை வைத்தே, இத்தனை புள்ளி வந்தால் இடம் என்று சர்வகலாசாலைகள் நிபந்தனையோடு எழுதுகின்றன. முடிவு தெரிவது ஜூலை முதல் வாரத்தில். இந்தியக் கல்லூரிகள் பலவற்றில் அதற்கு முன்னரே விண்ணப்பத் தேதி கடந்துவிடுகிறபடியால், உள்ளூரில் ஓரிடம் வேண்டுவோர் பள்ளியிலிருந்து உத்தேச மதிப்பீட்டுச் சான்றிதழை முன்னதாகவே வாங்கிவைத்துக்கொள்வதும், அதை அந்தக் கல்லூரி ஏற்குமா என்று விசாரித்துவிடுவதும் அவசியம். டெல்லியிலுள்ள இந்தியச் சர்வகலாசாலைகளின் சங்கம் அளிக்கும் சமநிலைச் சான்றிதழைக் கேட்கும் கல்லூரிகளும் உண்டு.

வெளியே கட்டணமின்றி ஆலோசனை சொல்கிறோம் என்று அழைக்கும் ஏஜென்ட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களில் நேர்மையானவர்கள் இல்லாமலில்லை; ஆயினும் மாணவன் சேரும் சர்வகலாசாலையிடமிருந்து அவர்களுக்குத் தரகு கிடைப்பது இத்தொழிலின் வழக்கம். ஆகையால் தரகு கொடுக்காத சர்வகலாசாலையின் பெயர் அவர்கள் வாயில் எளிதில் வருவதில்லை. எந்தெந்தக் கல்லூரிகளோடு அவர்களுக்கு ஒப்பந்தம் உண்டு என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுவதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. பட்டியலைக் காட்ட மறுத்தால், கொடுத்த காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம்.