ஓரிக்கைத் தறிக்கு நூல் வந்த வழி

ஓரிரவு இருக்கை என்பதே மருவி ஓரிக்கை ஆயிற்று என்பார்கள். திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணன் காஞ்சியை விட்டுப் புறப்பட, ஆழ்வாரும் உடன் கிளம்ப, பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்தொடர்ந்து வந்து ஓரிரவு தங்கிய இடம் இது என்பது தலவரலாறு. வந்தவர் மறுநாளே காஞ்சிக்குத் திரும்பிவிட்டார். இங்குள்ள தறிகளுக்கு வேண்டிய பொருள்கள் மட்டும் அன்றும் தொலைவிலிருந்துதான் வந்தன. இன்றும் அப்படித்தான் வருகின்றன.

அன்று பட்டு நூலுக்குக் கொள்ளேகால். இன்று அது கர்நாடகம் என்கிறோம். 1956 வரை அது கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஒரு தாலுகா. சொந்த மாகாணத்து நூல். சரிகையோ கடல் கடந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சின் லியோன் நகரத்துச் சரிகை கப்பலேறி வந்து நம் புடவைகளின் கரையில் மின்னியது. முதல் உலகப் போருக்குப் பின் இறக்குமதி வரி உயர்ந்தது. சூரத் பட்டறைகள் தலையெடுத்தன. பிரெஞ்சுச் சரிகை மெல்ல மறைந்தது. இரண்டாம் போரில் ஜப்பான் பட்டு நின்றது. மைசூர்ப் பட்டும் பாராசூட் தைக்கப் போயிற்று. எங்கோ நடந்த போருக்கு இங்கே தறிகள் நூலின்றிக் காத்திருந்தன.

நூல் தவறாமல் வருவதற்கு அன்றிருந்த உத்தரவாதம் மனிதரின் சொல். நூல்கடைக்காரர் தெரிந்தவர், அவருக்குக் கொடுப்பவர் அவருக்குத் தெரிந்தவர். கல்யாண மாதங்களுக்கு முன்பே நூலை வாங்கி அடுக்கிவைப்பார்கள். முதலாளி பாவும் ஊடையும் சரிகையும் நிறுத்துக் கொடுப்பார். நெய்த புடவையை நிறுத்து வாங்குவார். சரிகையின் தரத்துக்குச் சோதனை நகமும் கண்ணும்தான்: சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டிழை தெரியவேண்டும்.

இன்று சரிகையை எக்ஸ்ரே கருவியில் வைத்தால் தங்கம் எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்று சில நிமிடங்களில் எண்ணாக வந்துவிடுகிறது. 1971-இல் காஞ்சிபுரத்தில் அரசே தமிழ்நாடு ஜரிகை நிறுவனத்தைத் தொடங்கியது. பட்டு நூலுக்கு அண்ணா பட்டுப் பரிமாற்றகம் இருக்கிறது. கொள்ளேகாலோடு ராமநகரமும் சிட்லகட்டாவும் சேர்ந்துகொண்டன. அங்கே பட்டுக்கூட்டுக்குக் கிடைத்த விலை அன்று மாலையே இங்கே கைப்பேசியில் தெரிகிறது. ஏமாறுவது குறைந்திருக்கிறது. இது பெரிய லாபம். அந்தக் காலமே மேல் என்பவர்கள், போலிச் சரிகையை அசலென்று நம்பி வாங்கியவர்களை மறந்துவிடுகிறார்கள்.

ஆனாலும் அலைச்சல் தீரவில்லை. சீனத்துப் பட்டு ஒரே சீரானது, அறுபடாதது; பாவுக்கு அதையே விரும்பியவர்கள் பலர். 2011-12-இல் இந்தியாவுக்குள் 5,600 டன்னுக்கு மேல் கச்சாப் பட்டு இறக்குமதியாயிற்று. 2020-21-இல் அது 1,800 டன் அளவுக்கு இறங்கியது. இடையில் சுங்கவரி 30 விழுக்காட்டிலிருந்து 5 ஆயிற்று, 15 ஆயிற்று, 10-க்கு வந்தது, 2021-இல் மறுபடி 15. பட்டு வளர்க்கும் விவசாயியைக் காக்கும் வரி, நெசவாளி கையில் நூல்விலையாக வந்து சேர்கிறது. இருவரில் யார் பக்கம் நிற்பது என்று எனக்கு எளிதில் சொல்லத் தெரியவில்லை.

சரிகையின் கதை இன்னும் நேரடியானது. 2005-இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது சொல்லப்பட்ட அளவு வெள்ளி 57 விழுக்காடு, தங்கம் 0.6. பின்னர் அரசுச் சரிகையிலேயே வெள்ளி 40, தங்கம் 0.5 என்றாயிற்று, செம்பு கூடியது. கிலோ வெள்ளி 2024-இல் சென்னையில் ஒரு லட்சம் ரூபாயையும், 2025-இல் இரண்டு லட்சத்தையும் தாண்டியது. லண்டன் சந்தையில் ஏறும் விலை ஓரிக்கையில் புடவைக் கரையைத் தொடுகிறது.

இதற்குள் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் சான்ட்ரோ கார் உருண்டு வந்தது; 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். விடிகாலையில் கம்பெனி பேருந்துகள் நெசவாளர் தெருக்களிலிருந்தும் ஆட்களை ஏற்றிச் செல்கின்றன. அப்பா காலத்தில் நூல் மாதக்கணக்கில் பீரோவில் இருந்தது. மகன் வேலை செய்யும் இடத்தில் பல பாகங்களின் இருப்பை மணிக்கணக்கில்தான் வைத்திருக்கிறார்கள். தேங்கிய சரக்கு முடங்கிய பணம் என்பது அங்குள்ள கணக்கு. அந்தக் கணக்கு சரியாக ஓடும்வரை அழகானது. 2021-இல் சிப் தட்டுப்பாடு வந்தது. அதே ஆண்டு மார்ச்சில் ஒரே கப்பல் குறுக்கே மாட்டி சூயஸ் கால்வாய் ஆறு நாள் அடைபட்டது. 2023 நவம்பர் முதல் செங்கடலில் கப்பல்கள்மீது தாக்குதல். கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றின. 2025 ஏப்ரலில் அரிய மண் காந்தங்களுக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தது. ஒவ்வொரு முறையும் தொழிற்சாலைகள் பழைய பாடத்துக்கே திரும்பின: ஒரே இடத்தை நம்பாதே, கொஞ்சம் கையிருப்பு வை.

மாறாத ஒன்று உண்டு. நூல் வராமல் தறி நின்ற நாளுக்கு நெசவாளிக்குக் கூலி இல்லை. புடவை முடிந்தால்தான் கணக்கு. பாகம் வராமல் வரிசை நின்றால் முதலில் வேண்டாம் என்று சொல்லப்படுபவர் ஒப்பந்தத் தொழிலாளி. நூல் வாங்கித் தரும் சங்கங்களும் பாகம் வரவழைக்கும் நிறுவனங்களும், காத்திருந்த அந்த நாளின் கூலியையும் தங்கள் கணக்கில் ஒரு வரியாக எழுதவேண்டும்.