பல் போன இடத்தில் எதை வைக்கலாம்?

"டாக்டர், அடுத்த மாசம் பையனுக்குக் கல்யாணம். அதுக்குள்ள இந்த ஓட்டையை அடைச்சுடணும். பக்கத்து வீட்டு அக்கா பிரிட்ஜ் கட்டியிருக்காங்க, ஒரே வாரத்துல முடிஞ்சிடுச்சாம். எனக்கும் அதையே கட்டிவிடுங்க!"

வந்து உட்கார்ந்ததுமே இப்படிச் சொன்னார், ஐம்பது வயது அம்மா ஒருவர். கீழ் வரிசையில் ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்து நாலு மாதம் ஆகியிருந்தது. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். இடைவெளிக்கு முன்னும் பின்னும் இருந்த பற்கள் இரண்டும் சொத்தையே இல்லாமல் முத்து முத்தாக இருந்தன.

"கட்டலாம்மா. ஆனா, அதுக்கு இந்த ரெண்டு நல்ல பல்லையும் சுத்தி ராவணும். பரவாயில்லையா?" என்றேன்.

திடுக்கிட்டார். "இதை யாருமே சொல்லலையே!"

பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். போன பல்லைப் பற்றியே யோசிக்கிறோம். பக்கத்துப் பல்லையும் அடியில் உள்ள எலும்பையும் மறந்துவிடுகிறோம்.

சரி, ஒரு பல்தானே... அப்படியே விட்டால்? ஞானப்பல் என்றால் விட்டுவிடலாம். மற்ற இடங்களில், பக்கத்துப் பற்கள் மெல்ல மெல்லச் சாயலாம். எதிர் வரிசைப் பல் இடைவெளியை நோக்கி இறங்கலாம். தாடை எலும்பும் சும்மா இருக்காது. பல்லை எடுத்த முதல் வருடத்திலேயே அந்த இடத்து எலும்பின் அகலம் ஏறக்குறைய பாதி குறையக்கூடும்!

மாற்று வழிகள் மூன்று.

கழற்றி மாட்டும் பல்செட்: செலவு குறைவு. நல்ல பல்லை ராவ வேண்டியதில்லை. ஆனால், முறுக்கு, சீடையெல்லாம் பழையபடி கடிக்க முடியாது. இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும். வெந்நீர் கூடாது, வளைந்துவிடும். ஒற்றைப் பல் செட்டை மாட்டிக்கொண்டே தூங்கினால் விழுங்கிவிடும் ஆபத்தும் உண்டு.

பிரிட்ஜ்: இரண்டு பக்கத்துப் பற்களையும் ராவி, கேப் போட்டு, நடுவில் செயற்கைப் பல்லைத் தாங்கச் செய்வது. சீக்கிரம் முடியும், நன்றாக மெல்லலாம். பக்கத்துப் பற்களில் ஏற்கெனவே கேப்போ பெரிய அடைப்போ இருந்தால் இது நல்ல வழி. ஆரோக்கியமான பல் என்றால் யோசியுங்கள். ராவிய பல் திரும்ப வளராது. தாங்கும் பல் ஒன்று சொத்தையானாலும் முழு பிரிட்ஜையும் எடுக்க வேண்டி வரலாம்.

இம்ப்ளான்ட்: டைட்டானியம் ஸ்க்ரூவைத் தாடை எலும்பில் பதித்து, அதன்மேல் பல் வைப்பது. ஸ்வீடன் நாட்டு பிரேனிமார்க் 1965-ல் முதல் நோயாளிக்கு இதைப் பொருத்தினார். டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டிக்கொள்வதுதான் இதன் ரகசியம். பக்கத்துப் பல்லைத் தொட வேண்டாம். ஆனால் செலவு அதிகம். எலும்போடு சேர 3 முதல் 6 மாதம் வரை ஆகலாம்.

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், சிகரெட் பிடிப்பவர்கள், ஈறு நோய் உள்ளவர்கள் முதலில் அதைச் சரி செய்துகொண்டு வர வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சரி, அந்த அம்மா என்ன செய்தார்? "கல்யாணத்துக்குக் கழற்றி மாட்டுற பல் போதும். அப்புறம் நிதானமா இம்ப்ளான்ட் வச்சுக்கலாம்" என்றேன். எக்ஸ்ரேயில் எலும்பு போதுமான அளவு இருந்தது, சர்க்கரையும் இல்லை. ஒப்புக்கொண்டார். கல்யாண ஆல்பத்தைக் கொண்டு வந்து காட்டியபோது அவருக்கே சிரிப்பு. எந்தப் படத்திலும் அந்தக் கடைவாய்ப் பல் தெரியவே இல்லை! இன்று இம்ப்ளான்ட் பல்லால் மெல்லுகிறார். பக்கத்துப் பற்கள் இரண்டும் பத்திரமாக இருக்கின்றன.

டாக்டரிடம் கேளுங்கள்:

* என் பக்கத்துப் பற்கள் ராவும் நிலையில் இருக்கின்றனவா?
* எலும்பு எவ்வளவு இருக்கிறது?
* பின்னால் பழுதானால் என்ன செய்வது, எவ்வளவு செலவாகும்?

பணம் இடிக்கிறதா? அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். அவசரத்துக்கு ஒரு பல்செட் போட்டுக்கொண்டு ஆற அமர முடிவெடுப்பதில் தப்பே இல்லை. நல்ல பல்லை ராவிவிட்டு வருத்தப்படுவதுதான் தப்பு.