வளரும் வீடு

வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள் பெரியோர். ஏழை வீட்டை ஒரேயடியாகக் கட்டி முடிப்பதில்லை, கட்டிக்கொண்டே இருக்கிறான். எங்கள் வீட்டில் முதலில் ஓர் ஓலைச் சாய்ப்பு. பிறகு ஓர் அறை. நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில்தான் இரண்டாம் அறைக்குக் கூரை வந்தது. நண்பர்களை வீட்டிற்கு அழைக்கக் கூசியிருக்கிறேன். இப்படி வளரும் வீட்டையே திட்டமாக வகுத்த கட்டடக் கலைஞர் ஒருவர் இருந்தார் என்று படித்தபோது வியந்துபோனேன். அவர் பாலகிருஷ்ண தோஷி.

1927இல் புனேயில் பிறந்த தோஷி, பாரிசில் லே கார்பூசியேயிடம் பணியாற்றியபின் அகமதாபாத்தில் நிலைத்தார். 1962இல் அங்கே கட்டடக் கலைப் பள்ளியைத் தொடங்கினார்; அதன் கட்டடத்தையும் அவரே வடிவமைத்தார். காற்றும் வெளிச்சமும் தாராளமாகப் புழங்கும் செங்கல் கட்டடம் அது.

1980களில் மத்தியப் பிரதேசத்து இந்தூரில் எளியோருக்காக 'அரண்யா' குடியிருப்பைத் திட்டமிட்டார். வரைபடம் போடுமுன் அவருடைய குழுவினர் அந்நகரத்தின் குடிசைப் பகுதிகளை ஆராய்ந்தனர். வாசலில் கடை, மரத்தடியில் தொழில், தெருவில் குழந்தைகள். சுவருக்கு வெளியேயும் வீடு நீள்கிறது என்று கண்டனர்.

அரண்யாவில் சுமார் 6,500 மனைகள். மிகச் சிறியது 35 சதுர மீட்டர். குறைவுதான், எங்கள் வேதியியல் ஆய்வகம் இதைவிடப் பெரிது. ஆனால் அந்த மனையில் கழிப்பறையும், தண்ணீர்க் குழாயும், கட்டடத்துக்கான மேடையும் ஆயத்தமாக இருந்தன. இருபது வீடுகளுக்கு ஒரு கழிவுநீர்த் தொட்டி. காரணம் எளிது. சுவரைக் குடும்பமே எழுப்பிக்கொள்ளும். ஒரு மழைக்காலம் தாழ்ந்தாலும் எழுப்பும். சாக்கடையைத் தனியொருவன் கட்ட இயலுமா? எனவே இயலாததைத் திட்டம் செய்தது, இயன்றதை மக்களிடம் விட்டது. எப்படியெல்லாம் கட்டலாம் என்று காட்ட 80 மாதிரி வீடுகள் மட்டும் எழுந்தன. வசதி படைத்தோருக்குப் பெரிய மனைகளை விற்ற பணம் சிறிய மனைகளின் விலையைத் தாங்கிற்று. ஏழையும் செல்வரும் ஒரே குடியிருப்பில் வாழ இதுவே வழிவகுத்தது.

அரண்யாவுக்கு 1995இல் ஆகா கான் விருதும், தோஷிக்கு 2018இல் பிரிட்ஸ்கர் பரிசும் கிடைத்தன. அப்பரிசைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. 2023 ஜனவரியில் மறைந்தார்.

இதையெல்லாம் ஓர் இரவு அப்பாவிடம் சொன்னேன். விருதுகளைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "மேலே மாடி எடுத்தா படிக்கு இடம் விட்டிருக்காரா?" என்றார். மாதிரி வீடுகளின் படத்தைக் காட்டினேன். படிக்கட்டு வெளிப்புறமாகவே ஏறிற்று. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.