பிரம்புக் காட்டில் பிறந்த சந்தம்

2020 மே மாதம், கொரோனா பரவலால் கோயம்பேடு காய்கறிச் சந்தை திருமழிசைக்கு மாற்றப்பட்டது. வெங்காய மூட்டைகளும் தக்காளிப் பெட்டிகளும் ஏற்றிய லாரிகள் விடிய விடிய வந்து நின்றன. பூந்தமல்லியைத் தாண்டி இப்படி ஓர் ஊர் இருப்பதே சென்னையில் பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆவடிக்காரனான எனக்கு அது வருத்தம்தான். தமிழ்ப் பாட்டின் ஓசையையே புதுவழியில் திருப்பிய ஒரு கவிஞர் தன் பெயரிலேயே சுமப்பது இந்த ஊரைத்தான்.

அவர்தான் திருமழிசை ஆழ்வார். அவர் பிறப்பே துயரக் கதை. பெற்றவர்கள் பிரம்புப் புதரில் விட்டுப்போன சிசுவை, பிரம்பு அறுத்துப் பிழைத்த திருவாளனும் அவர் மனைவி பங்கயச்செல்வியும் எடுத்து வளர்த்தார்கள் என்கிறது வைணவக் குருபரம்பரை. வளர்ந்தவர் சமணம், பௌத்தம், சைவம் எல்லாம் கற்றுத் தேறி, பிறகு பேயாழ்வாரால் வைணவத்துக்கு வந்தார். நான்முகன் திருவந்தாதியில் வரும் 'குணபரன்' என்ற சொல்லை மகேந்திரவர்ம பல்லவனின் பட்டப்பெயராகக் கொண்டு, இவரை 7ஆம் நூற்றாண்டினர் என்பார் உண்டு.

அவருக்கு முந்திய முதலாழ்வார்கள் மூவரும் வெண்பாவில் அந்தாதி பாடியவர்கள். இவரும் 96 வெண்பாக்களில் நான்முகன் திருவந்தாதி பாடினார். அதோடு நிறுத்தியிருந்தால் அந்த வரிசையில் நான்காமவராகவே எண்ணப்பட்டிருப்பார். இவரது இன்னொரு நூலான திருச்சந்தவிருத்தத்தில்தான் கதவு திறக்கிறது. 120 பாட்டுகள்; நெடிலும் குறிலும் மாறி மாறி விழுந்து அடி துள்ளி ஓடும். ஐந்து, நான்கு, மூன்று என்று எண்களை இறக்கியே பஞ்சபூதங்களையும் அவற்றின் குணங்களையும் சொல்லிவிடுவார். சித்தர் சிவவாக்கியர் பாடலைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த ஓட்டம் உடனே பிடிபடும். இருவரும் ஒருவரே என்ற வழக்கும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் ஓசை உறவை யாரும் மறுக்க முடியாது.

நான்கு குலங்களில் எதிலும் தான் பிறக்கவில்லை என்று திருச்சந்தவிருத்தத்தில் ஆழ்வாரே வெளிப்படையாகச் சொல்கிறார். அதன் வலி புரிய பெரும்புலியூர்க் கதை போதும். திண்ணையில் வேதம் ஓதிக்கொண்டிருந்தவர்கள் இவரைக் கண்டதும், இவர் காதில் விழக்கூடாதென்று நிறுத்தினார்கள். இவர் விலகிப் போகவே, மீண்டும் தொடங்கப் பார்த்தால் விட்ட இடம் மறந்துவிட்டது. ஆழ்வார் வாய் திறக்கவில்லை. ஒரு கறுப்பு நெல்லை எடுத்து நகத்தால் பிளந்து காட்டினார். அவர்கள் விட்ட வரி அந்த நெல்லைப் பற்றியது. காதில் விழக்கூடாது என்று அவர்கள் நினைத்த வேதம் அவருக்கு மனப்பாடம்.

பெற்றவர் விட்டுப்போன சிற்றூர்க் குழந்தை பெருங்கவிஞரான கதையைச் சொல்லும்போது சிலி நாட்டுக் கவிஞர் காப்ரியேலா மிஸ்ட்ரல் நினைவுக்கு வருகிறார். 1889இல் விகுன்யா என்ற சிற்றூரில் பிறந்து, மூன்று வயதில் தந்தை விட்டுப்போக, கிராமப் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தவர். தாகூரை விரும்பிப் படித்தவர். 1945இல் லத்தீன் அமெரிக்காவுக்கு முதல் இலக்கிய நோபலைப் பெற்றுத் தந்தார். ஸ்பானிய மொழியில் தான் எழுதியவற்றுக்குத் தென்னமெரிக்காவில் கிடைக்கும் வருமானத்தை, தான் வளர்ந்த மொந்தெகிராந்தே ஏழைக் குழந்தைகளுக்கே எழுதிவைத்தார். அந்த நாடும் அவரை மறக்கவில்லை. விகுன்யாவில் அவருக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. 5000 பெசோ நோட்டில் அவர் முகம் இருக்கிறது.

இங்கே திருமழிசையில் ஜெகந்நாதப் பெருமாள் கோயில் இருக்கிறது; தை மகத்தில் ஆழ்வாருக்கு அவதார உற்சவம் நடக்கிறது. பக்தர்கள் தங்கள் கடமையைச் செய்கிறார்கள். கவிஞராக அவரைக் கொண்டாடுவது தமிழ் படித்த நம் எல்லோர் கடமை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பள்ளித் தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: யாப்பு நடத்தும் அன்றைக்குத் திருச்சந்தவிருத்தத்தின் முதல் பாட்டைப் பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்லிக் காட்டுங்கள். இந்தப் பாட்டுக்காரர் நம்ம ஊர்க்காரர் என்றும் சொல்லுங்கள்.