அடிக்காமல் விட்ட பாம்பு

2017 ஜனவரியில், பிரேசிலின் சாவ் பாவ்லோ மாநிலத்துச் செட்டே பாராஸ் பகுதியில் கிராமத்துக்காரர்கள் ஒரு பாம்பைப் பிடித்தார்கள். ஏறத்தாழ 1.7 மீட்டர் நீளமுள்ள பெண் பாம்பு. அதை அவர்கள் அடிக்கவில்லை. ஆய்வாளர்களுக்குத் தகவல் சொன்னார்கள். வந்து பார்த்தால், அது குரோபானி போவா! 1953க்குப் பிறகு அறிவியலாளர் எவரும் உயிரோடு பார்த்திராத பாம்பு.

அந்த 1953ஆம் ஆண்டில்தான், பிரேசிலின் புட்டன்டான் ஆய்வு நிறுவனத்தின் அல்போன்ஸ் ஹோகே, மிராகாட்டு என்ற ஊரில் கிடைத்த பாம்பை வைத்து இந்த இனத்தை உலகுக்கு அறிவித்தார். உள்ளூரில் இதற்கு 'ஜிபோயா டோ ரிபெய்ரா' என்று பெயர்; ரிபெய்ரா பள்ளத்தாக்கின் போவா என்று பொருள். அங்குள்ள அட்லாண்டிக் மழைக்காடுதான் இதன் வீடு. அடுத்த 64 ஆண்டுகளில் ஆய்வாளர் கைக்கு வந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். எல்லாம் செத்த உடல்கள். இது என்ன தின்னும் என்பதைக்கூட, செத்த ஒன்றின் வயிற்றுக்குள் கிடந்த பைம்மா விலங்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். எங்கே படுக்கும், எந்த மரம் ஏறும், எப்போது இரைதேடும்? பிணம் இதையெல்லாம் சொல்லாது.

குரோபானி போவாவுக்கு விஷம் கிடையாது. நம் மலைப்பாம்பு மாதிரி இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்லும். ஆனால் முட்டையிடாது, குட்டி போடும். உதட்டோரம் உள்ள சிறு குழிகள் வெப்பத்தை உணர்வதால், கும்மிருட்டிலும் இரை இருக்கும் இடம் இதற்குத் தெரியும்.

விஷமில்லாத இந்தப் பாம்பை ஊரார் ஏன் கொன்றார்கள்? ரிபெய்ரா வாழைத் தோட்டங்களுக்குப் பேர்போன பள்ளத்தாக்கு. அதே மண்ணில்தான் ஜராராகா என்னும் கொடிய விரியனும் ஊர்கிறது. தோட்டத்தில் குனிந்து வேலை செய்கிறவர் காலடியில் எது நெளிந்தாலும் கத்தியை ஓங்கத்தான் செய்வார். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்தப் பயத்தோடுதான் ஆய்வாளர்கள் பேசினார்கள். ஊர் மக்களைச் சந்தித்து, இந்தப் பாம்பின் அடையாளங்களைச் சொன்னார்கள். இது ஆளைக் கொல்லாது, கண்டால் அடிக்காமல் எங்களைக் கூப்பிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். மக்களும் கேட்டார்கள். காட்டுக்குள் ஆய்வாளர்கள் தேடித் தேடிக் கிடைக்காத ஒன்று, ஊராரின் கையால் கிடைத்தது. இந்தக் கண்டுபிடிப்பின் பெருமையில் முதல் பங்கு அவர்களுக்கே சேர வேண்டும்.

பாம்பை அளந்து, அதன் நடமாட்டத்தைத் தொடர ரேடியோ கருவி பொருத்தி, மீண்டும் காட்டிலேயே விட்டார்கள்.