நிரூபிக்கப் போன இடத்தில் சிக்கிய பிழை

‘டிஸ்கிரீட் மேத்ஸ்’ என்று கல்லூரிகளில் சொல்லப்படும் தனிநிலைக் கணிதமும் அல்காரிதம் பகுப்பாய்வும், வேலைக்கான நேர்முகத் தேர்வைத் தாண்டிவிட்டால் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் மாணவர்கள் ஏராளம். தேடுவதற்கும் வரிசைப்படுத்துவதற்கும் ஆயத்த நிரல்கள் இருக்கின்றன. நாமே எழுதினாலும் நாலு முறை ஓட்டிப் பார்த்தால் போயிற்று என்பது அவர்கள் வாதம். இந்த வாதம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை அந்த ஆயத்த நிரல்களை வைத்தே சோதிக்கலாம்.

இருமத் தேடலை எடுத்துக்கொள்வோம். ஏறுவரிசையில் உள்ள எண்களில் ஒன்றைத் தேட, நடு எண்ணைப் பார்த்து, வேண்டாத பாதியைக் கழித்துக்கொண்டே போக வேண்டும். 10 லட்சம் எண்களுக்கு 20 முறை பார்த்தால் போதும். 100 கோடிக்கு 30. சொல்வதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் 1946-ல் ஜான் மாக்லி எடுத்துச் சொன்ன இந்த முறை, எந்த அளவுப் பட்டியலுக்கும் பிழையின்றி ஓடும் வடிவில் வெளிவர அறுபதுகள் பிறக்க வேண்டியிருந்தது. கணினி அறிவியலாளர் ஜான் பென்ட்லி பின்னாளில் தொழில்முறை நிரலாளர்களிடம் இதையே எழுதக் கொடுத்தார். ஏறக்குறைய 90 சதவீதத்தினரின் நிரலில் பிழை இருந்தது. சறுக்கும் இடம் மிகச் சிறியது. நடு எண் சிறியதாக இருந்தால் கீழெல்லையை அந்த இடத்திலேயே வைப்பதா, அடுத்த இடத்துக்கு நகர்த்துவதா? அங்கேயே வைத்தால், இரண்டு எண்கள் மிஞ்சும்போது எல்லை நகராமல் நிரல் முடிவின்றிச் சுற்றும். ‘தேடும் எண் பட்டியலில் இருந்தால் இந்த இரு எல்லைக்குள்தான் இருக்கும், ஒவ்வொரு சுற்றிலும் இடைவெளி குறையும்’ என்று முதலிலேயே எழுதிவைத்து, ஒவ்வொரு வரியும் அதைக் காப்பாற்றுகிறதா என்று பார்ப்பவருக்கு இந்தக் குழப்பம் வராது. இப்படிச் சுற்றுக்குச் சுற்று மாறாமல் நிற்கும் கூற்றுதான் மாற்றமிலி. தமிழ்நாட்டின் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்திலேயே இது உண்டு. அதை மெய்ப்பிக்கும் கருவி, தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறக்கப்படும் கணிதத் தொகுத்தறிதல். கருவியைக் கொடுத்துவிட்டு அதை ஒரு நிரலின்மீது வைத்துக் காட்டாமலே விட்டுவிடும் வகுப்புகளைப் பார்த்தால், மாணவர்களின் சலிப்பிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

பென்ட்லி தன் நிரலை இப்படி நிரூபித்துத்தான் வெளியிட்டார். அதிலும் பிழை இருந்ததே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இரு எல்லைகளையும் கூட்டி இரண்டால் வகுத்து நடுவைக் கண்டுபிடிக்கும் வரியில்தான் அந்தப் பிழை. நேர், எதிர் இரண்டையும் குறிக்கும் 32 பிட் முழு எண்ணில் 2,147,483,647-க்கு மேல் இடமில்லை. கூட்டுத்தொகை அதைத் தாண்டினால் எதிர்மறை எண்ணாகிவிடும். பட்டியலில் 107 கோடிக்கு மேல் உறுப்புகள் இருந்தால்தான் இது நடக்கும் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. ஜாவா நூலகத்தில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஒளிந்திருந்த இதே பிழையை, அந்த நிரலை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006-ல் வெளிப்படையாக எழுதினார். இங்கே நிரூபணத்தின் தர்க்கம் தவறவில்லை. எண்களுக்கு எல்லையே இல்லை என்று அது வைத்துக்கொண்ட அனுமானம்தான் தவறியது. எல்லையைத் தாண்டினால் சுற்றிவரும் எண்களைப் பற்றிய மட்டு எண்கணிதம் படித்தவர் அந்த அனுமானத்தைக் கேள்வி கேட்டிருக்க முடியும். சிறிய பட்டியல்களில் ஓட்டிப் பார்த்தவருக்கு அந்த வாய்ப்பே இல்லை.

இதைவிட அழுத்தமான சான்று டிம்சார்ட். டிம் பீட்டர்ஸ் 2002-ல் பைத்தானுக்காக எழுதிய இந்த வரிசைப்படுத்தும் முறையை ஜாவாவும் ஆண்ட்ராய்டும் எடுத்துக்கொண்டன. ஏற்கெனவே வரிசையாக இருக்கும் துண்டுகளைக் கண்டறிந்து, அவற்றின் நீளங்களை ஓர் அடுக்கில் குறித்துக்கொண்டு, பிறகு இணைப்பது அதன் உத்தி. ஒவ்வொரு துண்டும் தனக்கு மேலுள்ள இரண்டின் கூட்டுத்தொகையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது விதி. அப்படி இருந்தால் அடுக்கில் கீழே போகப்போக நீளங்கள் ஃபிபோனாச்சி எண்களைப் போல மளமளவென வளரும். எனவே எவ்வளவு பெரிய பட்டியலுக்கும் சில பத்து இடங்கள் போதும். 2015-ல் ஸ்டேன் டி கவ் உள்ளிட்ட ஆய்வாளர்கள், ஜாவாவின் இந்த நிரல் சரியானது என்று நிரூபிக்க முயன்றார்கள். நிரூபணம் முடியவில்லை. நிரல் அடுக்கின் உச்சியில் உள்ள சில துண்டுகளை மட்டுமே சரிபார்த்தது. ஓர் இணைப்புக்குப் பிறகு அதற்குக் கீழே விதி மீறப்படக்கூடும். மீறினால் இடம் போதாமல் நிரல் முறிந்துவிழக்கூடும். எங்கும் புழங்கிவந்த நிரலில் ஆண்டுக்கணக்கில் சோதனைகளால் அடையாளம் காண முடியாத பிழை, நிரூபிக்கப் போன இடத்தில் சிக்கியது.

இனி செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதிவிடுமே என்பது புதிய ஆட்சேபம். எழுதட்டும். ஆனால் ஏற்கெனவே மனிதர் எழுதிய நிரல்களைப் படித்துத்தான் அது கற்கிறது. கூட்டி இரண்டால் வகுக்கும் அந்தப் பழைய வரியும் அவற்றில் இருக்கும். வந்த நிரல் சரியா என்று முடிவுசெய்ய ஒருவர் வேண்டும். டிம்சார்ட்டைத் திருத்தும்போதும் இப்படி ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. பைத்தான் குழு விடுபட்ட நிபந்தனையையே சேர்த்தது. ஜாவா குழு அடுக்கின் இடத்தை 40-லிருந்து 49 ஆகக் கூட்டியது. 49 போதுமா என்பதற்கு, மிக மோசமான நிலையில் எத்தனை துண்டுகள் குவியும் என்று காகிதத்தில் கணக்கிட்டுத்தான் விடை சொல்ல முடியும்.